கொட்டகையில் அன்று யாரும் அழவில்லை

நெட்டைத்துரைத் தோட்டம்,
தங்கா பத்து வழி, மலாக்கா.
10-2-1935

அன்புக்குரிய அக்கா கிருஷ்ணவேணிக்கு,

தங்கை சந்திராதேவி வணக்கத்துடன் எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். பாச்சாங்கில் நீங்களும் அத்தானும் சுகமாக இருக்கிறீர்களா? அத்தானின் பல்வலி குறைந்ததா?

அம்மா தம்பி குலத்தைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போய் ஒரு மாதம் ஆகிறது. அப்பாவுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு வருடம்தானே என்கிறார்கள். ஒரு வருடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பாடம் முன்னால் போய்விடுவார்கள்! அப்பா விடியற்காலையில் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வேலைக்குப் போனால் மத்தியானம்தான் வருகிறார். சோறு கறி ஆனபின் எனக்குப் பேச ஆள் இல்லை. ஆகவே நான் ஆயாக் கொட்டகைக்குப் போகத் தொடங்கியிருக்கிறேன்.

நீங்கள் இருந்த காலத்தில் அந்தக் கொட்டகை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரக் கூரை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டப் போகிற பெண்கள் இருட்டோடு வந்து பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். இருபத்துமூன்று பிள்ளைகள், பதினோரு தொட்டில்கள், ஒரே ஓர் ஆயா. பெரியநாயகி என்று பெயர். முன்பு மரம் வெட்டினவள்தான். காற்றில் முறிந்த கிளை காலில் விழுந்து, இப்போது நொண்டி நொண்டித்தான் நடக்கிறாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்தப் பிள்ளை இல்லை.

பிள்ளைகளைப் பார்ப்பதைவிட, பிள்ளைகளின் தாய்மாரை அவள் பார்க்கிற விதம்தான் எனக்கு வியப்பு. நடக்கப் பழகுகிற பிள்ளைகள் விழாத நாள் உண்டா? எந்தப் பிள்ளைக்கு எங்கே வீங்கினாலும் ஆயா உடனே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுகிறாள். இரத்தம்போல் சிவப்பாக இருக்கும். மரங்களுக்கு நடுவே தூரத்தில் வரும்போதே தாய்க்குத் தெரிந்துவிடும். "இவ்வளவு பெரிதாகப் பூச வேண்டுமா?" என்று கேட்டேன். "தெரியணும்னுதானே பூசுறேன் சின்னம்மா" என்றாள்.

நேற்று செல்லாயியின் மகளுக்கு நெற்றியில் புடைப்பு. செல்லாயி வாசலில் கால் வைப்பதற்குள் ஆயா எதிரே போய்விட்டாள்.

"செல்லாயி, வாளிய அப்பறம் எறக்கு, இத மொதல்ல கேளு. ஒம்மவ எட்டு மணி போல பெஞ்சுக் கால்ல முட்டிக்கிட்டா. அழுதா. கஞ்சி குடிச்சா. இப்ப சிரிக்கிறா, பாரு."

"ஐயோ, நெத்தியில முட்டையில்ல வச்சிருக்கு! நீ என்னா பண்ணிக்கிட்டு இருந்த? கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கண்ணு ரெண்டு, புள்ள இருவத்திமூணுலா. பெஞ்சுக் கால்லயும் ஒரு பள்ளம் கெடக்கு, வந்து பாரு. ஒம்மவ தலை அப்படி."

செல்லாயி உண்மையிலேயே உள்ளே போய்ப் பெஞ்சின் காலைப் பார்த்தாள். ஓர் உதை விட்டாள். கால் வலித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

அவர்கள் போனபின், இப்படித் திட்டு வாங்குகிறாயே என்றேன். ஆயா சொன்னாள்: "தாய் கண்ணுல படறதுக்கு முந்தி காதுல படணும் சின்னம்மா. அப்பறம் திட்டட்டும். இருட்டுல தூங்குற புள்ளைய இங்க போட்டுட்டுப் போறவ அவ. அந்தத் திட்டு எனக்கில்ல, அவளுக்கே அவ திட்டிக்கிறது." இதை என் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

படிக்கப் புத்தகம் ஏதாவது அனுப்புவீர்களா? அத்தானுக்கு என் வணக்கம்.

உங்கள் பாசமுள்ள தங்கை,
சந்திராதேவி

பாச்சாங், மலாக்கா.
19-2-1935

செல்லத் தங்கை சந்திராவுக்கு,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ந்தோம். இங்கே இருவரும் சுகம். அத்தான் அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு இரண்டு நாள் கஞ்சி குடித்தார். அப்பாவின் இருமல் எப்படி? சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடு.

பெஞ்சுக் காலை உதைத்த கதையை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மேசைக்காலை உதைத்துக் காட்டிச் சிரித்தார். உன் ஆயா கெட்டிக்காரி. ஆனாலும் நீ அங்கே போவது அப்பாவுக்குத் தெரியுமா? தெரியாமல் போகாதே. பிறர் பிள்ளைகள் விஷயம். உனக்குப் பதினான்கு வயது. ஆயா சொல்லாமல் எந்தப் பிள்ளையையும் தூக்காதே.

இத்துடன் தபாலில் கடற்பயணக் கதைப் புத்தகம் ஒன்று அனுப்புகிறேன். அத்தான் வேலை செய்யும் கந்தோரில் ஒருவரிடம் இரவல் வாங்கியது. பத்திரமாகத் திருப்பி அனுப்ப வேண்டும்.

நலம் விரும்பும் அக்கா,
கிருஷ்ணவேணி

நெட்டைத்துரைத் தோட்டம்
14-3-1935

அன்பான அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகமும் அதுவேயாகுக. புத்தகம் வந்தது. நானூறு பக்கம்! கப்பல் இன்னும் துறைமுகத்தை விட்டுப் புறப்படவே இல்லை, அதற்குள் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "டிரசரின்ரை பிள்ளை கூலிக்காரற்றை பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு நிக்கிறதோ?" என்று முதலில் கோபித்தார். பிறகு ஆயாவே வந்து, "தூக்கவெல்லாம் வேணாம் ஐயா. சும்மா உக்காந்து படிக்கட்டும், படிப்புச் சத்தம் கேட்டா புள்ளைங்க அடங்கி இருக்கு" என்றாள். சமையலுக்கு முன்பு வரை போகலாம் என்று விட்டுவிட்டார்.

கொட்டகையில் தம்புசாமி என்று ஒரு பிள்ளை. நாங்கள் தம்பு என்போம். இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. மங்களத்துக்கும் அப்புசாமிக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்தவன். நான் புத்தகத்தை விரித்தால் போதும், எங்கிருந்தாலும் தவழ்ந்தும் நடந்தும் வந்துவிடுவான். எழுத்துகளைக் காட்டி "எம்பு, எம்பு" என்பான். எல்லாம் எறும்பு அவனுக்கு. ஊதி விரட்டுவான். பக்கமெல்லாம் எச்சில்.

மங்களம் பார்த்துவிட்டு, "சின்னம்மா, எம்மவன கணக்கெழுதுற கிராணியாக்கித்தான் விடுவீங்க போல. அப்பறம் எனக்கே பேரு எழுத வருவான்" என்றாள். அவள் வாய் எப்போதும் அப்படித்தான். ஆனால் பிள்ளையைத் தூக்கும்போது மட்டும் பேசமாட்டாள். முதலில் மோந்து பார்ப்பாள்.

போன வாரம் யாரோ ஒரு பிள்ளை தம்புவின் கையைக் கடித்துவிட்டது. ஆயா வழக்கம்போல் முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"யாரு கடிச்சா?" என்றாள் மங்களம்.

"ஒரு வாய் கடிச்சுச்சு."

"எந்த வாய்?"

"பல்லு இருக்கிற வாய்."

"வெளையாடாத ஆயா. பேரச் சொல்லு."

"பேரு எதுக்கு? என் கொட்டகையில கடிச்சுச்சு. நான்தான் கடிச்சேன்னு வச்சுக்க. இந்தா, என்னையக் கடிச்சுக்க" என்று முழங்கையை நீட்டினாள். மங்களம் கடிப்பதுபோல் வாயைக் கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, "தூ, புளிச்ச கஞ்சி நாத்தம்" என்றாள்.

பெயரைச் சொன்னால் மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு தாய்மாரும் மயிரைப் பிடித்துக்கொள்வார்களாம். பிள்ளைகள் அரைமணியில் மறந்துவிடும், இவர்கள் மறக்கமாட்டார்களாம். தகப்பன்மார் தனியாக வந்தால் காயத்தைப் பற்றி ஆயா வாயே திறப்பதில்லை. தாய் வரும்வரை நிறுத்திவைத்து, இருவருக்கும் ஒன்றாகச் சொல்கிறாள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய் அந்தப் பெண் அடி வாங்குவாளாம். அக்கா, இதையெல்லாம் யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

அவசரமாக முடிக்கிறேன், சோறு அடிப்பிடிக்கிற மணம் வருகிறது.

சந்திரா

நெட்டைத்துரைத் தோட்டம்
2-5-1935

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலமும் அறிய ஆவல். நெடுநாள் எழுதாததற்கு மன்னிக்கவும்.

இங்கே ஒரு துக்கம். மங்களத்தின் மகன் தம்பு இறந்துவிட்டான். கொட்டகையில் தலை அடிபட்டிருக்கிறது. ஆயா மங்களத்திடம் ஒன்றும் சொல்லவில்லையாம். சாயந்தரம் வாந்தி எடுத்தான். அப்பா லாரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். போகும் வழியில் முடிந்துவிட்டது.

ஆயாவைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அவளே குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

அன்று எனக்குத் தலைவலி. நான் கொட்டகைக்குப் போகவில்லை.

அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. அத்தானுக்கு வணக்கம்.

சந்திராதேவி

பாச்சாங்
9-5-1935

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு வெகுநேரம் எழும்பாமல் இருந்தேன். எறும்பை ஊதி விரட்டிய பிள்ளை அல்லவா? அந்தத் தாய்க்கு என்ன ஆறுதல் சொல்வது?

எனக்கு ஒன்று விளங்கவில்லை. எங்கே வீங்கினாலும் பற்றுப் போடுகிறவள் என்று எழுதினாயே. அப்படிப்பட்டவள் இதை ஏன் மறைத்தாள்? அப்பா என்ன சொல்கிறார்? நீ சாப்பிடுகிறாயா? நேரத்துக்குத் தூங்கு. உன் தலைவலி எப்படி?

மனம் கனத்துப் போனால் எனக்கு எழுது. எல்லாவற்றையும் எழுது.

கிருஷ்ணவேணி

நெட்டைத்துரைத் தோட்டம்
30-5-1935

அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த மாதம் மழை அதிகம். மரங்கள் ஈரமாக இருப்பதால் பல நாள் வேலை இல்லை. கத்தரிச் செடி நான்கு வைத்தேன். இரண்டு அழுகிவிட்டன.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். முடிக்கவில்லை. வேறு புத்தகம் அனுப்ப வேண்டாம். இப்போது எனக்குப் படிக்க நேரமில்லை.

கொட்டகைக்குப் புது ஆயா வந்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

சந்திராதேவி

பாச்சாங்
16-6-1935

சந்திராவுக்கு,

இருவரும் சுகம். இந்தக் கடிதத்தை அப்பா இல்லாத நேரத்தில் வாசி.

நேற்று சாமான் வாங்க ஜமாலுதீன் கடைக்குப் போனேன். அதை ஒட்டி அவருடைய சாப்பாட்டுக் கடையும் இருக்கிறதே, அங்கே பின்பக்கம் ஒருத்தி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் கடைக்காரர் மனைவி அஜீசாவோடு கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தாள். நொண்டி நொண்டி வந்தாள்.

"நீங்க டிரசர் ஐயா மூத்த பொண்ணுதானே? சின்னம்மா பேச்சு அப்படியே இருக்கு" என்றாள். ஆம் என்றேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "சின்னம்மா சோறு திங்கிறாங்களா?"

மங்களம் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. தன்னை வெளியே தள்ளினதைப் பற்றிச் சொல்லவில்லை. "தூங்குறாங்களா? ரொம்ப படிக்கச் சொல்லாதீங்க, ஆனா படிப்ப விட்டுறவும் விடாதீங்க" என்றாள். பிறகு சட்டிகளிடம் போய்விட்டாள்.

நீ திருப்பி அனுப்பிய புத்தகத்தில் ஒரு பக்கம் கசங்கிக் கிழிந்திருக்கிறது. தேங்காயெண்ணெய்க் கறை இருக்கிறது. சின்ன விரல்களின் கறை அல்ல. உன் விரல்களின் அளவு. அதற்குப்பின் உள்ள பக்கங்களில் விரல் பட்ட தடமே இல்லை. புத்தகம் வேண்டாம் என்று என் தங்கை இதுவரை சொன்னதில்லை.

சந்திரா, அன்று உனக்குத் தலைவலியா?

அக்கா

நெட்டைத்துரைத் தோட்டம்
23-6-1935

அக்கா,

இல்லை. தலைவலி இல்லை. அன்று நான் கொட்டகையில்தான் இருந்தேன்.

ஏப்ரல் பதினேழு. ஆயா கஞ்சி எடுத்துவரப் போனாள். "கொஞ்ச நேரம் பாத்துக்குங்க சின்னம்மா, பெஞ்சுல மட்டும் ஏற விடாதீங்க" என்றாள். நான் சரி என்றேன். கப்பல் பாறையில் மோதும் இடத்துக்கு வந்திருந்தேன். தம்பு பெஞ்சில் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டு "எம்பு" என்றான். நான் அவனைப் பார்க்காமலே "இரு, இரு" என்று கையால் விலக்கினேன். தள்ளவில்லை அக்கா. விலக்கினேன். பிறகு ஒரு சத்தம்.

சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடந்தான். கொஞ்ச நேரம் அழுதான். பின்தலையில் மயிருக்குள் ஒரு புடைப்பு. இரத்தம் இல்லை. ஆயாவின் தேங்காயெண்ணெயை எடுத்துத் தடவி, மயிரை அதன்மேல் சீவிவிட்டேன். என் மடியிலேயே தூங்கிப்போனான். தொட்டிலில் போட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் இனிக் கொட்டகைக்குப் போக விடமாட்டார் என்று மட்டும்தான் நினைத்தேன். வேறு ஒன்றுமே நினைக்கவில்லை.

ஆயா வந்து, "யாராச்சும் அழுதாங்களா?" என்று கேட்டாள்.

"யாரும் அழவில்லை" என்றேன்.

என் வார்த்தையை நம்பித்தான் ஆயா மங்களத்திடம், "இன்னிக்கு ஒன்னுமில்ல, நல்லாத் தூங்குறான், எழுப்பாமத் தூக்கிட்டுப் போ" என்றாள். மங்களம் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸ் வாசலில் தோட்டத்துரை விசாரித்தார். நான் எதிரே இருக்கும் ஆஸ்பத்திரிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். புடைப்பைத் தாமே தொட்டுப் பார்த்ததாக அப்பா சொன்னார். மங்களம் ஆயாவின் சேலையைப் பிடித்துக் கிழிய உலுக்கினாள். "கொசு கடிச்சாக்கூட ஊருக்கே தெரியப் பூசுவியே! எம்புள்ளைக்கு மட்டும் ஏண்டி பூசல? பெரிசா அடிபட்டுச்சுன்னு தெரிஞ்சுதானே மறைச்ச?" என்று கத்தினாள். எல்லாரும் அதைத்தான் நம்பினார்கள். எதையும் மறைக்காதவள் ஒன்றை மறைத்தால் அது தெரிந்தே செய்ததாகத்தானே இருக்கும்?

ஆயா முதலில், "எனக்குத் தெரியாது தொரை, யாரும் அழல" என்றாள். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. தலையைத் திருப்பி ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு துரையிடம், "நான்தான் பாக்காம விட்டுட்டேன். விழுந்தது தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லல" என்றாள்.

நான் வெளியே வரவில்லை.

அப்பா அன்று சாப்பிடும்போது, மத்தியானமே தெரிந்திருந்தால் லாரியை அப்போதே அனுப்பியிருப்பேன் என்றார். தமக்குத் தாமே சொல்வதுபோலச் சொன்னார். அந்த வார்த்தையோடுதான் நான் தினமும் அடுப்பு மூட்டுகிறேன்.

சந்திரா

பாச்சாங்
29-6-1935

என் தங்கைக்கு,

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. உன்னைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இந்தக் கடிதம்.

தம்பு திரும்பி வரமாட்டான். ஆனால் பெரியநாயகி உயிரோடு இருக்கிறாள். பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயர் அவள்மேல் இருக்கும்வரை எந்தத் தோட்டத்திலும் அவளைச் சேர்க்கமாட்டார்கள். தங்கா பத்துப் பக்கம் இரண்டு இடத்தில் கேட்டுவிட்டுத்தான் இங்கே வந்தாளாம், அஜீசா சொன்னாள். மங்களமும் தவறான ஆளைச் சபித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் அப்பாவிடம் சொல். பிறகு மங்களத்திடம். நான் எழுதினால் அது என் வாய். உன் வாயால் சொல்ல வேண்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா

நெட்டைத்துரைத் தோட்டம்
8-9-1935

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகப் பதில் எழுதவில்லை. இடையில் நீங்கள் சுகமாக இருந்தீர்களா? எனக்கு ஒரு தரம் காய்ச்சல் வந்து மாறிவிட்டது.

ஜூலை முதல் வாரமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை வைக்கவே இல்லை. ஆறிப்போகும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "செத்த பிள்ளை எழும்பி வருமோ? துரைக்குத் தெரிஞ்சால் என்ரை வேலை போகும். இனி ஒருத்தரோடையும் இதைக் கதைக்காதை" என்றார். அதைக் கேட்டு நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அப்பாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். அப்பாவுக்காக மட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் குழாயடியில் மங்களம், "அந்த நொண்டி எங்க போனாலும் புழுத்துத்தான் சாவா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் பின்னேரம் அவள் வீட்டுக்குப் போனேன்.

முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க சின்னம்மா, ஐயா மருந்து குடுத்துவிட்டாரா?" என்றாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே முழுவதும் சொன்னேன். அவள் கை பாட்டுக்குக் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தது. சொல்லி முடித்தும் நிற்கவில்லை. அரிசியையும் பொறுக்கி எறிந்தது.

"அழுதானா?" என்றாள்.

"அழுதான்."

"அம்மான்னு கூப்பிட்டானா?"

"ஆமாம்."

"எத்தன வாட்டி?"

"எண்ணவில்லை."

"எண்ணெ தேச்சப்ப வலிச்சிருக்குமே. சிணுங்கினானா?"

"இல்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டான். தூங்கிவிட்டான்."

"எந்த விரல?"

காட்டினேன். அதையே பார்த்தாள். தொடவில்லை. "போ" என்றாள்.

நான் படலைத் தாண்டியபின் கூப்பிட்டாள். "இத ஏன் இப்ப வந்து சொல்ற? அன்னிக்கு எனக்குத் திட்ட ஒருத்தி வேணும்னு அவள எடுத்துக்கிட்டேன். அவ சேலையக் கிழிச்சேன். நீ பாத்துக்கிட்டு நின்ன."

மறுநாள் காலை பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது மங்களம் முன்னால் போய் நின்று, துரை, கிராணி, எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாள். ஆயாமேல் குற்றம் இல்லை, அவளைக் கூப்பிடுங்கள் என்றாள். துரை அப்பாவை அழைத்து அரைமணி நேரம் பேசினார். வேலை போகவில்லை. ஆயா வரலாம் என்று சொல்லிவிட்டார். அப்பா என்னிடம் இன்னும் பேசுவதில்லை. தாமே தட்டை எடுத்து, தாமே சோறு போட்டுக்கொள்கிறார். பெண்கள் என்னைக் கண்டால் பிள்ளைகளை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

ஆயாவிடம் போய்ச் சொல்லுங்கள் அக்கா. கொட்டகை அவளுக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லுங்கள். என் மன்னிப்பை நான் நேரில் கேட்கிறேன்.

சந்திரா

பாச்சாங்
17-9-1935

அன்புத் தங்கைக்கு,

நலம். அப்பா பேசுவார். காலம் எடுக்கும். நீ செய்தது சரி என்று அத்தானும் சொல்கிறார்.

நேற்றே போனேன். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. நீ எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மங்களம் பெரட்டில் சொன்ன இடத்தை மட்டும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு, "அவ பேசக்கூடியவதான்" என்றாள்.

"ஏன் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டாய்?" என்று கேட்டேன்.

"கதவுக்குப் பின்னால சின்னம்மா மொகத்தப் பாத்தேன். அதுவும் என் கொட்டகையில இருந்த புள்ளதானேம்மா" என்றாள்.

எப்போது புறப்படுகிறாய் என்றேன். தலையை ஆட்டினாள்.

"வேணாம்மா. நான்தான் பாக்காம விட்டேன்னு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேனா? சொல்லச் சொல்ல அது அப்படியே ஆயிருச்சு. யோசிச்சுப் பாத்தா நெசமும் அதுதான். இருவத்திமூணு புள்ளைய ஒரு சின்னப் புள்ளகிட்ட விட்டுட்டுப் போனது யாரு? கஞ்சி ஆறுனா ஆறிட்டுப் போகுது."

நான் மறுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது அஜீசாவின் கைக்குழந்தை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. பெரியநாயகி சிரித்தாள். நாக்கைச் சொடுக்கிச் சத்தம் காட்டினாள். ஆனால் தூக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வந்த நாளிலிருந்து அப்படித்தானாம். "எம் புள்ளைய ஒரு வாட்டிகூடத் தொட்டதில்ல அக்கா. கை ஆடுதுங்குறாங்க. சட்டி தூக்கறப்ப ஆடல" என்று அஜீசா சொன்னாள்.

இதை உனக்கு எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொல்லி உன்னைக் கேட்டவள் நான்.

அக்கா

நெட்டைத்துரைத் தோட்டம்
24-9-1935

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

நலம். நீங்கள் மறைக்காமல் எழுதியதற்கு நன்றி.

கடிதத்தை மங்களத்திடம் கொண்டுபோனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்று வாசித்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்ட இடம் வந்ததும் "நிறுத்து" என்றாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. போய் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"பாச்சாங்குக்கு எந்த பஸ்சு?" என்று கேட்டாள்.

தங்கா பத்து முச்சந்தியில் ஏறி, கிளேபாங் தாண்டிப் போக வேண்டும் என்றேன். தனியாகப் போகத் தெரியாது என்றாள். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நாங்கள் இருவரும் வருகிறோம். அப்பாவிடம் சொன்னேன். வெளியே போகும்போது என் குடையை எடுத்துக் கதவருகே வைத்துவிட்டுப் போனார்.

"நீ முன்னால உக்காரு. நான் பின்னால உக்காந்துக்குறேன். எங்கிட்டப் பேச்சுக் குடுக்காத" என்று மங்களம் சொல்லியிருக்கிறாள். சரி என்றேன்.

நீங்கள் முன்கூட்டியே போய் ஆயாவிடம் சொல்லிவையுங்கள். திரும்பி வரச் சொல்லி அழைக்க வரவில்லை என்று சொல்லுங்கள். மங்களம் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "புள்ளையத் தூக்கத்தானே அவளுக்குப் பயம்? என்னைய ஒன்னும் தூக்க வேணாம்னு சொல்லு. சட்டிய எடுத்து அந்தாண்ட வச்சுட்டு, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாப் போதும்."

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
சந்திராதேவி